கணக்கில் வராத திருட்டு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாலை வேளை. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் மணி ஒலிக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட் கடைகளில் கூட்டம் நெரிகிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவன் ஒரு பெண்ணின் கைப்பையை அறுத்துக்கொண்டு பறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "போனது போகட்டும்மா, கைகாலுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தேற்றி வீட்டுக்கு அனுப்புவதுதான் நம் வழக்கம். ஆனால், ரிப்போர்ட் செய்யாத திருட்டு போலீஸ் கணக்கில் ஏறுவதே இல்லை.

மலேசியாவின் குற்றக் குறியீட்டில் 2019இல் 83,456 வழக்குகள் பதிவாயின. கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020இல் அது 65,623, 2022இல் 50,813. பிறகு 2023இல் 52,444, 2024இல் 58,255 என மறுபடி ஏறியது. கடை அடைத்துத் தெரு வெறிச்சோடினால் வழிப்பறிக்கும் ஆள் கிடைக்காது. கூட்டம் திரும்பினால் அதுவும் திரும்பும்.

இந்தக் குறியீடு கொலை, கொள்ளை போன்ற வன்முறைக் குற்றங்களையும், வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களையும் மட்டுமே எண்ணுகிறது. இணைய மோசடிகள் இதில் சேராது. வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை அவற்றைத் தனியே கவனிக்கிறது. ஆகவே குறியீடு இறங்கினாலும், "உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று மிரட்டும் போன் அழைப்புகள் குறைந்துவிட்டதாக நம்பிவிட வேண்டாம்.

திருட்டுக் கொடுத்தவருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உரிமைகள் உண்டு. நாட்டில் எங்கே குற்றம் நடந்திருந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம் என்கிறது 107ஆவது பிரிவு. "இது எங்கள் வட்டாரம் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். மலாய் தெரியாதவர்கள் அது தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு வாரமாகியும் தகவல் இல்லையா? 107ஏ பிரிவின்படி, திருட்டு போன்ற, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களில் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று கேட்கலாம். நிலையப் பொறுப்பதிகாரி இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம். போலீஸ்காரரின் நடத்தையில் குறை இருந்தால், 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைக் காவல்துறை நடத்தை ஆணையம் இருக்கிறது.

மோசடியில் பணம் போனதா? அழுது முடித்துவிட்டு அல்ல, உடனே 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் அழையுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் முடக்கப் பார்க்கலாம். பிறகு போலீஸ் ரிப்போர்ட். முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்புமுன், போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைத் தேடிப்பாருங்கள். காசுக்கு ஆசைப்பட்டு, மோசடிப் பணம் வந்துசேர ஏடிஎம் கார்டை இரவல் கொடுப்பவர் மோசடிக்காரனோடு சேர்ந்தே சிக்குவார்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் கவனிக்க: திருட்டும் மோசடியும் மட்டுமல்ல, உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதும் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒன்று. கடைவாசல் கேமராப் பதிவுகள் நெடுநாள் நிற்பதில்லை. பழையது அழிந்து புதியது ஏறிவிடும். தெருவில் எது நடந்தாலும் கடைக்காரரிடம் பதிவை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.