வி.பி.என். – கவருக்குள் ஒரு கவர்!



"வி.பி.என். போட்டுட்டா நெட்ல நாம என்ன செஞ்சாலும் யாருக்கும் தெரியாதுடா" என்று நம்ம பசங்க பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் எளிய உதாரணம். ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதை நேராக அனுப்பாமல், இன்னொரு கவருக்குள் வைத்து ஒட்டி, சென்னையில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புகிறீர்கள். மாமா மேல் கவரைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தை அங்கிருந்து தபாலில் போடுகிறார். நம்ம ஊர் தபால்காரருக்கு, மாமாவுக்குக் கடிதம் போவது மட்டும்தான் தெரியும். கடிதம் பெறுபவருக்கோ சென்னை முத்திரைதான் தெரியும்.

இதில் தபால்காரர், நமக்கு நெட் தரும் கம்பெனி. மாமாதான் வி.பி.என். கம்பெனி!

வி.பி.என். செய்வது என்ன?

1. ரயில் நிலையம் போன்ற இடங்களில் பொது வைஃபையில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது.
2. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது நெட் தரும் கம்பெனிக்குத் தெரியாது.
3. போகும் தளத்துக்கு நம் உண்மையான ஐ.பி. முகவரி தெரியாது.

செய்ய முடியாதது என்ன?

1. கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டால் ஆள் தெரியாதா? ஜிமெயிலிலோ இன்ஸ்டாகிராமிலோ லாகின் செய்தாலும் அதே கதைதான்.
2. வைரஸ் உள்ள ஃபைலை இறக்கினாலோ, போலி லிங்க்கில் ஓ.டி.பி.யைக் கொடுத்தாலோ வி.பி.என். காப்பாற்றாது.
3. மாமாவே நோட்டம் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது! உள்ளே இருக்கும் கடிதமும் ஒட்டியிருந்தால், அதாவது 'எச்.டி.டி.பி.எஸ்.' தளமாக இருந்தால், அவர் விலாசத்தை மட்டும் பார்ப்பார். ஆனா அந்த விலாசமே நம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடுமே!

இது கற்பனை இல்லை. 2013-ல் ஃபேஸ்புக், ஓனாவோ என்ற கம்பெனியை வாங்கியது. அதன் இலவச வி.பி.என்., "உங்கள் தகவலைப் பாதுகாப்போம்" என்ற பெயரில் வந்தது. ஆனால், யார் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கின் வியாபாரத்துக்குப் போனது. 2019-ல் அதை மூடினார்கள். 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

ஆக, வி.பி.என். ரகசியத்தை அழிப்பதில்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். 'இலவசம்' என்று பார்த்ததும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. நடத்துவது யார், அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்க.

கவர் போடுவது நல்லதுதான். கொடுக்கும் கை யாருடையது என்று பார்த்துக் கொடுப்போம்!