லினக்ஸ் வந்தது, தமிழ் எங்கே?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துபோயிற்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். திரையில் கீறலில்லாமல், விசைகளில் ஒன்றும் உதிராமல், நேற்றுவரை பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் பெரியவர்களின் கணக்கு வழக்குக்கும் பிரயோஜனப்பட்டு வந்த மடிக்கணினிகள், உயிரோடிருக்கும்போதே கருமாதி முடிக்கப்பட்ட பெரியவரைப் போல, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் அலமாரி மேல்தட்டுகளில் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. விண்டோஸின் புதிய பதிப்போ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியை எதிர்பார்ப்பதோடு, ஏறக்குறைய 2018க்கு முந்திய நுண்செயலிகளில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது.

இந்தச் சமயத்தில்தான் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பெயர் குடும்பங்களின் பேச்சில் அடிபடத் தொடங்கியிருக்கிறது. நான்கு ஜிபி நினைவகமே உள்ள பழைய இயந்திரத்தில் அதன் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சிரமமின்றி ஓடும். அதனினும் நோஞ்சானான இயந்திரத்துக்கு லுபுண்டு என்னும் இன்னொரு வகை இருக்கிறது. உரிமக் கட்டணமாக ஒரு வெள்ளியும் தர வேண்டியதில்லை. யூஎஸ்பி குச்சி ஒன்றும் ஓய்வான ஒரு பிற்பகலும் போதும். தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், 1987 முதல் கணினிப் பித்தர்களின் க்ஷேத்திரமாக விளங்கும் சிம் லிம் ஸ்குவேர் இருக்க, பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்ற சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலை 10 அன்று மூடப்படும்வரை அதற்கு அண்டையிலேயே இருந்ததால், இந்த வட்டாரத்து ஜனங்களுக்குப் பழையதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது புதிய உபதேசமல்ல. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவைச் சேர்க்கும் இச்சிறு தீவுக்கு அந்தப் பழக்கம் திரும்பி வருவது க்ஷேமமே.

வங்கி வேலைக்கும் அலுவலக ஆவணங்களுக்கும் பழகிய விண்டோஸே பத்திரம் என்றும், ஆதரவு முடிந்த பிறகும் கூடுதல் பாதுகாப்புக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

பழகியதன் பிடி எத்தகையது என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம்: அங்கே 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸும் ஒரே இயந்திரத்துக்குள் குடியேற்றப்பட்டது. இரண்டு வாசல்கள் திறந்திருந்தால் பழகிய வாசலில்தான் கூட்டம் சேரும் என்பது என் அபிப்பிராயம். சிங்கப்பூரில் நடந்ததோ வேறு விதம். 2028க்குள் என்று முதலில் திட்டமிட்டிருந்த இலக்கு, கொவிட் கிருமித்தொற்றின் நெருக்கடியால் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 2021 முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்றாயிற்று. அவற்றுள் ஒருவகையான குரோம்புக்கின் அடிப்படையே லினக்ஸ்தான். ஆக, பெயரைச் சொல்லாமலே அது பல வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் என் கவலை இயந்திரத்தைப் பற்றியதல்ல, அதிலுள்ள தமிழைப் பற்றியது. தமிழ் இணையத்தின் ஆரம்பகால மாநாடுகளில் ஒன்று 1997இல் கூடியது இந்த ஊரில்தான். 2000இல் மறுபடியும் இங்கே கூடியபோதுதான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் பிறந்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்த கடிதம் இன்னொருவர் கணினியில் புரியாத கோலமாகத் தெரிந்த அந்தக் காலத்தில், கணினியில் தமிழ் நிலைபெற வேண்டுமென்று பல தேசத்து அறிஞர்களும் இங்கே வந்து வாதாடினார்கள். அவர்கள் ஆசைப்பட்டதெல்லாம் இன்று லினக்ஸுக்குள் இலவசமாகக் கிடக்கின்றது: யூனிகோடு எழுத்து, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்து கொடுத்து 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழிலேயே காட்டும் முகப்பு. அம்முகப்பைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் இரவில் கண்விழித்து மொழிபெயர்த்தார்கள். அவர்கள் தொகை சொற்பமாகையால், சில நிரல்கள் முழுத் தமிழிலும் சில பாதித் தமிழிலும் நிற்கின்றன; மீதியை முடிக்க ஆளில்லை.

பழைய கணினிக்கு லினக்ஸ் போட்டுக்கொள்கிற வீடுகளோ, மொழியைக் கேட்கும் முதல் திரையிலேயே ஆங்கிலத்தைச் சொடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. தமிழ்99 பக்கமே போகாத பிள்ளை, பாட்டிக்கு அனுப்பும் செய்தியை ரோமன் எழுத்தில் தட்டுகிறது. கைப்பேசியில் அது பழகிப்போன சம்பிரதாயம். வாரந்தோறும் தமிழ் டியூஷனுக்குத் தவறாமல் கட்டணம் கட்டுகிற பெற்றோர், செலவில்லாமல் வீட்டிலேயே நாள் முழுதும் தமிழ் காட்டக்கூடிய ஒரு திரையை ஏன் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்க்கச் சில நிமிஷங்களே ஆகும்; விரல்கள் பழகச் சில வாரங்கள். மின்ட் போட்டுத் தருகிற அண்ணனிடம், அந்த வேலை முடியும் முன்னே தமிழ்99-ஐயும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.