பசுபிக் தீவுப் பெண்களின் ஒரு றக்பி ஆண்டு

றக்பி என்றால் எம்மில் பலருக்குக் கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பாடசாலைப் பொடியன்கள் சேற்றில் கட்டிப் புரளும் விளையாட்டு. 'றகர்' என்று சொல்வோம். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதில் பெரிய ஈடுபாடு உள்ளவள் அல்ல. ஆனாலும் பசுபிக் தீவுப் பெண்கள் 2022ஆம் ஆண்டில் சாதித்ததைத் தேடிப் படித்தபோது, இதை எங்கள் வாசகிகளுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது.

ஒரு அணியில் பதினைந்து பேர். ஏழு பேர் ஆடும் சிறிய வடிவமும் உண்டு, ஒலிம்பிக்கில் ஆடுவது அதைத்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் எறிய முடியாது. பின்னால் ஓடி வருபவளிடம்தான் கொடுக்க வேண்டும். எதிரணியினர் மடக்கி விழுத்துவார்கள். விழுந்தவள் எழும்பி மீண்டும் ஓடுவாள்.

அந்தப் பகுதியில் இவ்விளையாட்டை நடத்துவது 'ஓசியானியா றக்பி' என்ற பிராந்திய அமைப்பு. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா என்ற வசதி படைத்த நாடுகளும், பீஜி, சமோவா, தொங்கா, பப்புவா நியூகினி போன்ற நாடுகளும் அதில் ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. குடை ஒன்றுதான், நனைபவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள். 2022 பெப்ரவரியில் உலகக் கிண்ணத்துக்கான கடைசித் தகுதிகாண் போட்டி டுபாயில் நடந்தபோது, கொரோனாப் பயணக் கட்டுப்பாடுகளால் சமோவாப் பெண்கள் போக முடியாமல் விலகினார்கள். களத்தில் இறங்காமலே அவர்களின் உலகக் கிண்ணக் கனவு முடிந்துபோனது.

பீஜியின் கதை வேறு. எங்கள் மலையகத்து மக்களைப் போலவே, 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் கூலிகளாக உழைத்த நாடு அது. இன்று அங்கே றக்பி ஒரு மதம் மாதிரி. 2016இல் ஆண்கள் அணி வென்ற ஒலிம்பிக் தங்கம்தான் அந்த நாட்டின் முதலாவது ஒலிம்பிக் பதக்கம். பெண் ஆடினால் மட்டும், 'ஆம்பிளை மாதிரி ஏன் இது' என்ற பேச்சு. 2021இல் டோக்கியோவில் பீஜிப் பெண்கள் பிரித்தானியாவை 21–12 என வென்று வெண்கலப் பதக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு பேசியவர்களின் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2022இல் அவுஸ்திரேலியாவின் பெண்கள் தொடரான 'சுப்பர் டபிள்யூ'வில் பீஜி அணி முதன்முறையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஏப்ரல் 23ஆம் திகதி மெல்பேர்னில் நடந்த இறுதியாட்டத்தில் நடப்புச் சம்பியனான நியூ சவுத் வேல்ஸ் அணியை 32–26 என வென்றார்கள். ஜூலையில் பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியின் எழுவர் றக்பியில் வெள்ளி. ஒக்டோபரில் நியூசிலாந்தில் உலகக் கிண்ணம். பீஜிப் பெண்கள் அதில் ஆடியது அதுவே முதல் தடவை. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 84–19 என நொறுக்கியது. எட்டே நாட்களில் அதே பெண்கள் தென்னாபிரிக்காவைக் கடைசி நேரத்து ஓட்டத்தால் 21–17 என வென்றார்கள். பிரான்சிடம் தோற்று முதற் சுற்றோடு வெளியேறியது உண்மைதான். எனக்கு அந்த எட்டு நாட்கள்தான் பெரிதாகப் படுகின்றன. நவம்பர் 12 இறுதியாட்டத்தில் நியூசிலாந்து இங்கிலாந்தை 34–31 என வென்றபோது ஓக்லாந்து மைதானத்தில் 42,579 பேர் கூடியிருந்தார்கள்.

பதக்கங்களைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்த விடயம் இன்னொன்று. பீஜியில் கணவன் அல்லது துணைவனுடன் வாழ்ந்த பெண்களில் 64 வீதமானோர் அவனால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருப்பதாக, அங்குள்ள பெண்கள் நெருக்கடி நிலையம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஓசியானியா றக்பி அமைப்பும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து, பிள்ளைகளுக்கான றக்பிப் பயிற்சியோடு இந்த விடயத்தையும் இணைத்தன. பந்தை எறியப் பழகும் அதே வேளையில் மற்றவரை மதிப்பது, 'வேண்டாம்' என்றால் நிறுத்துவது, உதவியை எங்கே தேடுவது என்பவற்றையும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பழகுகிறார்கள். பயிற்றுவிப்பவர்களும் முதலில் இதற்கெனப் பயிற்சி பெற வேண்டும். கருத்தரங்கு மண்டபத்தில் பெண்களை மட்டும் இருத்தி வன்முறை பற்றி வகுப்பு எடுப்பதை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அடிப்பவர்கள் வராத கூட்டங்கள் அவை. பொடியன்கள் தாங்களாகவே ஓடி வருகிற இடத்தில் போய்ப் பேசுவது கெட்டித்தனமான வேலை.

எங்கள் நாட்டிலும் பெண்கள் றக்பி இருக்கிறது. ஆனால் முப்படைகளின் அணிகளே அதில் முன்னுக்கு நிற்கின்றன. வடக்கு கிழக்கில் ஒரு தாய், 'மகளே, போய் விளையாடு' என்று அந்த வழியைக் காட்டுவாளா? பாடசாலையிலும் ஊர்க் கழகத்திலும் வழி திறக்காதவரை எங்கள் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார்கள்.

2025இல் இங்கிலாந்தில் நடந்த அடுத்த உலகக் கிண்ணத்தில் பதினாறு அணிகள் ஆடின. முன்பு டுபாய்க்குப் போக முடியாமல் நின்ற சமோவா அவற்றுள் ஒன்று. பீஜிப் பெண்கள் வேல்ஸ் அணியை 28–25 என வென்றார்கள்.