வண்டு குடைந்த குருத்து

காரைக்காலில் தென்னந்தோப்பு உண்டு. இங்கே காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைக் குடைகிறது. அந்தக் காயம் வழியே குருத்தழுகல் நோய் புகலாம். வாசனை பிடித்துச் சிவப்புக் கூன்வண்டும் முட்டையிட வந்துவிடும். விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டு தெரிகிறதா? காண்டாமிருக வண்டின் வேலைதான்.

காண்டாமிருக வண்டின் புழு உயிருள்ள மரத்தில் வளர்வதில்லை. எருக்குழியிலும் மட்கும் தென்னந்தடியிலும் வளர்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்ததுபோல் விழும் மரங்களைத் தோப்பிலேயே மட்கவிடுவது வண்டை வளர்ப்பதே. எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தால் புழு விறைத்துச் சாகும், உடலில் பச்சை படரும். இளங்கன்றுகளின் மட்டை இடுக்கில் வேப்பம்பிண்ணாக்கும் மணலும் கலந்து இடுவார்கள்.

1952 புயலுக்குப் பின் பழைய தஞ்சை மாவட்டத்தில் தென்பட்ட தஞ்சாவூர் வாடல் நோய் வேறு ரகம். அதற்குக் காரணமான கானோடெர்மா பூஞ்சை மண்வழியே வேருக்குப் பரவும். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும். அதற்கு வண்டு பிடித்துப் பயனில்லை. நோயுற்ற மரத்தைச் சுற்றி மூன்றடி ஆழத்தில் அகழி வெட்டி, மற்ற மரங்களின் வேரிலிருந்து பிரித்துவிடுவார்கள்.