லைட்மேனுக்குக் கணக்கு உண்டு

செட்டில் பரண்மேல் ஏறி விளக்கைத் திருப்புகிற லைட்மேனுக்கு ஒரு கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் இருக்கிறது. நேரம் கூடினால் தனிக் கணக்கு. கீழே கிளாப் பலகையோடு நிற்கும் உதவி இயக்குநரிடம் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

லைட்மேனுக்குத் துணை யூனியன் கார்டு. 'பெப்சி' என்று கோடம்பாக்கம் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள். தயாரிப்பாளர்களோடு பேசி, சில சமயம் வேலையை நிறுத்தியும், கூலியை எழுதி வாங்குகிறார்கள். இயக்குநர்கள் சங்கத்தில் உதவி இயக்குநருக்கும் இடம் உண்டுதான். ஆனால் அவருடைய வேலை படப்பிடிப்பன்றா தொடங்குகிறது? ஆபீஸ் போட்ட அன்றே தொடங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் டிஸ்கஷன். அந்த மாதங்களுக்குப் பெரும்பாலும் மதியச் சாப்பாடும் டீயும் பெட்ரோல் காசும்தான். படம் நின்றுபோனால் அதுவும் போச்சு.

ஆகவே சாலிகிராமத்தில் நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களில், ஊரிலிருந்து பணம் வருகிறவன் தாக்குப்பிடிக்கிறான். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் இரண்டு, மூன்று வருஷத்தில் பஸ் ஏறிவிடுகிறான். அவனுக்குத் திறமை போதவில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

இயக்குநராக வேறு வாசல்களும் உண்டு. தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' 1986இல் ஓடியபோது, படித்துவிட்டு வருகிறவர்களையும் தயாரிப்பாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012இல் 'பீட்சா'வோடும், நலன் குமரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தோடும் வந்தார்கள். யாரிடமும் வருஷக்கணக்கில் கிளாப் அடிக்கத் தேவையில்லை என்றானது. ஆனால் குறும்படத்துக்கும் கேமரா வாடகை யாராவது கொடுக்கத்தானே வேண்டும்!

சோறு போடும் யூனியன் கார்டே கதவைச் சாத்துவதும் உண்டு. மும்பையில் பெண்களுக்கு ஹேர் டிரஸ்ஸர் கார்டு மட்டும்தான் தருவோம், மேக்கப் கார்டு கிடையாது என்று ஒரு சங்கம் பல பத்தாண்டுகள் விதி வைத்திருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம்வரை போய், 2014 நவம்பரில்தான் அதை உடைத்தார்.

ஆபத்து மட்டும் கார்டு பார்ப்பதில்லை. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர்.

பொறுத்துப் பார்த்துவிட்டு உதவி இயக்குநர்களில் சிலர் தொலைக்காட்சிப் பக்கம் ஒதுங்குகிறார்கள். ஒரே வாடகை பங்களா. சமையலறைக் காட்சி, மாடிப்படிக் காட்சி, மறுபடியும் சமையலறை. நாளைக்கு ஒளிபரப்ப எபிசோடு கையில் இல்லையென்றால் பேக்அப் எத்தனை மணிக்கு என்று கேட்கக்கூடாது. "அவன் சீரியலுக்குப் போயிட்டான்பா" என்று டீக்கடையில் நண்பர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த டீக்குக் காசு கொடுப்பவர் அவராகத்தான் இருக்கும்.