மாத்திரைக்குப் பதிலா தாய் சி?

போன மாசம் எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். சீனாவுல ஏதோ ஒரு பார்க், வயசானவங்க வரிசையா நின்னு மெதுவா கையை அசைக்கிறாங்க. கீழே ஒரு வரி: "அண்ணே, இதைப் பண்ணினா மாத்திரையே வேண்டாமாம்." என் அப்பாவுக்கு ரெண்டு வருஷமா பார்க்கின்சன்ஸ். லீவோடோபா எடுத்துக்கிறார். அன்னைக்கு ராத்திரி, "நிஜமாவாடா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதான் இந்த எபிசோட்.

முதல்ல, இது எவ்வளவு பழசு? 1973-ல சாங்ஷா பக்கத்துல மாவாங்துய் கல்லறையைத் தோண்டினப்போ பட்டுத்துணியில வரைஞ்ச ஒரு படம் கிடைச்சது. 44 மனுஷ உருவங்கள், ஆளுக்கு ஒரு உடற்பயிற்சி. அந்தக் கல்லறையை மூடினது கி.மு. 168-ல. ஆக, பயிற்சி நிஜமாவே பழசு. ஆனா 'சிகோங்'ங்கிற பேர்ல இது ஒரு மருத்துவ முறையா நிலைச்சது 1949-க்கு அப்புறம்தான். வயித்துப்புண்ணால அவதிப்பட்ட லியூ குய்ஜென்ங்கிற கட்சி ஊழியர் ஒருத்தர், மூச்சுப் பயிற்சியில குணமாகி, அதைச் சிகிச்சையா பரப்பினார். பூங்காவுல நிறையப் பேர் செய்ற 24 அசைவு தாய் சி கூட 1956-ல அரசு விளையாட்டு ஆணையம் சுருக்கிக் கொடுத்ததுதான். 'ஐயாயிரம் வருஷ ரகசியம்'னு யாராவது வித்தா கொஞ்சம் உஷார்.

சரி, வேலை செய்யுதா? எனக்குப் பிடிச்ச ஆய்வு 2012-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. அமெரிக்காவுல 195 பார்க்கின்சன்ஸ் நோயாளிகளை மூணு குழுவா பிரிச்சாங்க: தாய் சி, எடைப் பயிற்சி, ஸ்ட்ரெச்சிங். வாரம் ரெண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம், 24 வாரம். உடம்பைச் சமநிலையில வெச்சுக்கிறதுல தாய் சி குழு மத்த ரெண்டையும் முந்திடுச்சு. கீழே விழறதும் ஸ்ட்ரெச்சிங் குழுவை விடக் குறைஞ்சது. எடைப் பயிற்சியோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் இல்ல.

இதுக்குக் காரணம் தேட 'சி'ங்கிற உயிர்சக்தி வரைக்கும் போக வேண்டாம். தாய் சியில ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு எடையை மெதுவா மாத்துவோம், திரும்புவோம், விழற எல்லை வரைக்கும் சாஞ்சு மீள்வோம். பார்க்கின்சன்ஸ் பறிக்கிறது துல்லியமா இதைத்தான். ஆனா கவனிங்க, அந்த ஆய்வுல யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லல. மூளையில டோபமின் சுரக்கிற செல்கள் அழிஞ்சுட்டே வருது. அந்தக் குறையை ஈடுகட்டுறது லீவோடோபா. திடீர்னு நிறுத்தினா உடம்பு இறுகி, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அக்குபங்சர் பத்தியும் கேப்பீங்க. ஜெர்மனியில 1162 நாள்பட்ட முதுகுவலிக்காரங்களை வெச்சு ஒரு சோதனை நடந்தது, முடிவு 2007-ல வந்தது. நம்ம ஏ/பி டெஸ்ட் மாதிரிதான், கூட ஒரு 'சி'யும் உண்டு. முறையான ஊசி போட்டவங்கள்ல 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். சம்பந்தமில்லாத இடத்துல லேசா குத்தின போலி ஊசிக்கு 44.2. வழக்கமான சிகிச்சைக்கு 27.4. அதாவது குத்தினது உதவுச்சு, எங்க குத்தினாங்கங்கிறது பெருசா உதவல! எனக்கு இது ரொம்ப நாளா மண்டையைக் குடையுது. வலி குறைஞ்சா போதும்ங்கிறவங்களுக்கு இது நல்ல செய்தி. உடம்புல சக்தி ஓடுற பாதை வரைபடத்தை நம்புறவங்களுக்கு இல்ல.

அப்பாவோட நியூராலஜிஸ்ட்கிட்ட கேட்டோம். "தாராளமா செய்யட்டும், பக்கத்துல ஆள் இருக்கணும், மாத்திரையில கை வைக்கக் கூடாது"ன்னார். இப்போ வாரம் மூணு நாள் மொட்டை மாடியில செய்றார். அம்மா ஒரு சேரைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறாங்க. காலையில எட்டு மணிக்கு மாத்திரை அலாரம் அடிச்சா அசைவு பாதியில இருந்தாலும் நிறுத்திட்டு உள்ளே வந்துடுவார். சித்தப்பாவுக்கு இதையெல்லாம் நீளமா டைப் பண்ணி அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது, பதில் இன்னும் வரல.