முதுகு வலியும் கைம்முறைச் சிகிச்சையும்

சங்கங்களின் கணக்கைப் பரிசீலிக்கச் செல்லும் இடங்களிலெல்லாம், எந்தப் பேரேட்டிலும் பதியப்படாத நஷ்டம் ஒன்றை நாம் காண்கிறோம். அதுவே அங்கத்தினரின் முதுகு வலி. அரும்பாவூரில், பச்சைமலை அடிவாரத்தில், சின்ன வெங்காயம் நடுவோரும் களையெடுப்போரும் பொழுது முழுவதும் குனிந்தே உழைக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர் மரச்சிற்பங்களைச் செதுக்குவோர் தரையில் அமர்ந்து உளியின்மேல் கவிந்திருக்கின்றனர். செயங்கொண்டம் பக்கத்து நெசவாளரோ குழித்தறியில் கால்களை இறக்கி, மிதிகட்டையை மிதித்தவண்ணம் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் பத்து நாள் படுத்துவிட்டால் பாவு தறியிலேயே நிற்கும், கூலியும் நிற்கும்.

வலி கண்டவுடன் நாம் நாடுவது பெரும்பாலும் இன்னொருவரின் கையையே. சுளுக்கு வழிப்பவரிடம் செல்கிறோம். இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் உருவிவிட்டால் பிடிப்பு விடும் என்று சொல்லக் கேட்கிறோம். முடி திருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துக் கொள்கிறோம். நமது சித்த மருத்துவத்தில் இதற்கெனத் தொக்கணம் என்னும் முறையே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதனை ஒன்பது வகையாகப் பகுத்துள்ளனர்.

இக்கருத்தையொட்டி மேனாட்டில் தோன்றிய முறைதான் ஆஸ்டியோபதி. அமெரிக்க மருத்துவரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1864ஆம் ஆண்டில் மூளைக்காய்ச்சலுக்குத் தம் மக்கள் மூவரைப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், 1874இல் தமது புதிய கொள்கையை வெளியிட்டு, 1892இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் ஒரு கல்லூரியை நிறுவினார்.

அவருடைய வழிவந்தோர் கூறும் அடிப்படைகள் மூன்று. முதலாவது, உடல் முழுவதும் ஒன்றே. உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து நோக்கலாகாது. இரண்டாவது, தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்ளும் ஆற்றல் உடலுக்கு உண்டு. மூன்றாவது, அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை. நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மிதிகட்டைக் கயிறு ஒன்று தளர்ந்தால் குறை துணியில் தெரிகிறது. பழுதோ கயிற்றில் இருக்கிறது. அவ்வாறே இடுப்பில் தோன்றும் நோவுக்கு, உட்காரும் விதமும் தொடைத் தசைகளின் இறுக்கமும் காரணமாயிருக்கலாம். ஆதலின் சிகிச்சையாளர் வலிக்கும் இடத்தை மட்டும் அமுக்காமல், மூட்டுகளின் அசைவையும் தசைகளின் நிலையையும் கையால் ஆராய்ந்து, அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் இறுக்கத்தைத் தளர்த்துகிறார்.

இக்கருத்துகள் யாவும் உண்மைதானா என்று வினவுவது நம் கடமை. எலும்புகளின் நிலைகுலைவே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்று ஸ்டில் கருதினார். இதனை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. அவர் தொடங்கிய முறையில் அமெரிக்காவில் பயில்வோரே இன்று நவீன மருத்துவம் முழுவதையும் கற்று, மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெறுகின்றனர். நெட்டி எடுக்கும்போது கேட்கும் ஓசையும் விலகிய எலும்பு இடத்தில் சேர்ந்த ஓசையன்று. மூட்டினுள் உள்ள திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் எழுவது.

ஆயினும் கைம்முறைச் சிகிச்சை பயனற்றது என்று தள்ளவும் இயலாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில், வேறு நோய் காரணமாக அல்லாமல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் அளித்தல் ஆகியவற்றுடன் முதுகெலும்புக் கைம்முறைச் சிகிச்சையும் பிடித்துவிடுதலும் இடம்பெற்றன. இடுப்புப் பட்டைகளையோ இழுவைச் சிகிச்சையையோ அது பரிந்துரைக்கவில்லை. பிரெஞ்சு நாட்டில் சுமார் 400 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, ஆஸ்டியோபதியால் விளைந்த நன்மை சிறிதே எனக் கண்டது. வலியைச் சற்றுத் தணித்து உடலை அசைக்கத் துணை செய்வதே கையின் வேலை. நிலையான பலன் பயிற்சியாலும் வேலை முறையைத் திருத்துவதாலுமே கிட்டும்.

இங்கு நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். நெசவாளர் ஒருவர் மூன்று மாதங்களாகத் துணி ஒப்படைக்கவில்லை என்பதை ஏட்டில் கண்டு அவர் இல்லம் சென்றோம். முதுகெலும்பு விலகியிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, சிக்கன நிதியில் எடுத்த பணத்தையெல்லாம் எண்ணெய்க்கும் உருவிவிடுவதற்கும் செலவழித்திருந்தார். மாலைதோறும் காய்ச்சல் வருவதாகவும் உடல் மெலிந்து வருவதாகவும் அவர் மனைவியார் கூறினார். அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது அது முதுகெலும்பைப் பற்றிய காசநோய் எனத் தெரிந்தது. அரித்துப்போன எலும்பை அமுக்கினால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கவும் கூடும். அங்கே இலவசமாகக் கிடைத்த மருந்தினால் அவர் மீண்டும் தறியில் அமர்ந்தார். ஆனால் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. காய்ச்சலைப் பற்றி முதல் மாதத்திலேயே எவரேனும் கேட்டிருந்தால் இத்தனை காலம் வீணாகியிராது.

ஆதலின், பின்வரும் குறிகளுள் ஒன்று இருப்பினும் உடலை எவர் கையிலும் ஒப்படையாது மருத்துவரை முதலில் காண வேண்டும். காய்ச்சலோடு அல்லது உடல் மெலிவோடு வரும் முதுகு வலி, கீழே விழுந்தபின் தோன்றிய வலி, முன்னர்ப் புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி, கால் பலமிழத்தல். தொடைகளின் உட்புறமும் ஆசனப் பகுதியும் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் அல்லது அடக்க இயலாமை ஆகியன தோன்றின் அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டிய கட்டு இறுகி, விரல்கள் சில்லிட்டாலோ கறுத்தாலோ மரத்தாலோ உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவரிடம் விரைய வேண்டும். தாமதித்தால் கையையே இழக்க நேரும். கழுத்தை வெடுக்கெனத் திருப்புவதை அறவே தவிர்க்க. அரிதாயினும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு.

இக்குறிகள் இல்லாதவர்கள் இயன்முறைச் சிகிச்சையாளரையோ, தொக்கணம் முறையாகக் கற்ற பட்டம் பெற்ற சித்த மருத்துவரையோ நாடலாம். பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லந்தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

முக்கால் மணிக்கொரு முறை தறியை விட்டு எழுந்து நிமிர்ந்து நடப்பதும், மூட்டையை முழங்கால் மடக்கித் தூக்குவதும் செலவில்லாச் சிகிச்சைகள். அங்கத்தினர் ஒருவர் வேலைக்கு வராதபோது, நிலுவையைக் கேட்குமுன் உடல்நலத்தைக் கேட்டறிவது சங்கத்தாரின் கடமையாகும். கூட்டுறவு என்பது கடனைப் பகிர்வது மட்டுமன்று. உற்ற நேரத்தில் ஒருவருக்கொருவர் நல்வழி காட்டுவதும் அன்றோ!